பனியன் போட்ட வீடுகள்

அடுப்புச் சாம்பலை வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டச் சொன்னது மேஸ்திரி ஆத்தப்பன்தான். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் அவர் வேறு என்னென்னவோ சொல்லப் போகிறார்.

அவர் சொன்னதை முத்தாத்தாள் தன் இரண்டு காதாலும் கேட்டாள். அப்போது அவள் கையில் அம்மாவின் சோற்றுப் போசி, அதாவது தூக்குப் பாத்திரம், இருந்தது.

அது 1964ஆம் வருடம், வைகாசி மாதம். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த முத்தாத்தாள் தினமும் மத்தியானம் அம்மாவுக்குச் சோறு கொண்டு போவாள். அம்மா மாரக்காள், திருப்பூரை ஒட்டிய மண்ணரைப் பக்கம் ஒரு சலவைப் பட்டறையில் வேலை பார்த்தாள்.

பனியன் கம்பெனியில் பின்னிய துணி அங்கேதான் வரும். வரும்போது வெள்ளையாகவா இருக்கும்? பழுப்பு நிறத்தில், மெஷின் எண்ணெய்க் கறையோடு, பார்க்கவே சகிக்காது. அதற்குக் கோராத் துணி என்று பெயர். அதைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, பெரிய அண்டாவில் சோடா போட்டு வேகவைத்து, வெளுத்து, அலசி, களத்தில் காயப்போட்டால்தான் பளீரென்று ஆகும்.

"இத்தனை கறையும் எப்படீம்மா போகும்?" என்று முத்தாத்தாள் ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"எண்ணெயாகட்டும், கரியாகட்டும், சோடாவுல வெந்தா போயிரும் கண்ணு. கோராவச் சாணியில போட்டுப் புரட்டுனாக்கூடக் கவலையில்ல. வெளுத்த துணியிலதான் ஒரு விரல் படக்கூடாது. பட்டா மேஸ்திரி சாமியாடிருவாரு" என்று அம்மா சிரித்தாள்.

சரி, சாம்பல் விஷயத்துக்கு வருவோம். அண்டா அடுப்பில் நாள் முழுக்க விறகு எரியும். சாம்பலை ஒரு குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அன்றைக்குக் குழி நிறைந்துவிட்டது. மேல்காற்று வேறு விசுவிசுவென்று அடித்தது.

"சாம்பல் பறந்து துணியில ஒட்டுது பாரு! வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டு" என்றார் மேஸ்திரி.

"உள்ள கங்கு கெடக்குதுங்க மேஸ்திரி. தண்ணி ஊத்தி அணைச்சுட்டுக் கொட்டறனுங்க" என்றாள் அம்மா.

"நீ தண்ணி எடுத்துட்டு நின்னா வேலைய யாரு பாக்கறது? நாளைக்கு லாரி வருது. சொன்னதச் செய்."

அம்மா செய்தாள். வேறென்ன செய்வாள்?

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கொரங்காடு. அதாவது, ஆடு மேய்க்க முள்வேலி போட்டு விட்ட புல்வெளி. மழை இல்லாமல் புல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. அதைத் தாண்டினால் இட்டேரி என்கிற மணல் தடம். இட்டேரியைத் தாண்டினால் வரிசையாக ஆறு கூரை வீடுகள். பட்டறையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் குடியிருந்தது அந்த ஆறு வீடுகளில்தான்.

மூன்றாவது வீடு முத்தாத்தாளுடையது. போன மாதம்தான் புதுக் கீற்று வேய்ந்திருந்தார்கள். வீட்டு மூலையில் ஒரு கூடையில், கறுப்பி என்ற கோழி பதினொரு முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. யார் பக்கத்தில் போனாலும் அது கொத்தும். முத்தாத்தாளை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொத்தும்.

அம்மா கைகழுவிவிட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். இரண்டாவது கவளம் வாய்க்குப் போகும்போது முத்தாத்தாளின் மூக்கில் புகை ஏறியது.

"அம்மா, என்னமோ கருகுது!"

திரும்பிப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் படபடவென்று புல் எரிகிறது! முதலில் ஒரு பாய் அகலம். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு களத்து அகலம். காற்று பின்னால் நின்று பிடித்துத் தள்ள, தீ கிழக்கே பார்த்து ஓட ஆரம்பித்தது.

"ஐயோ, எங்கூடு!" என்று ஒருத்தி அலறினாள். எல்லாரும் போட்டது போட்டபடி எழுந்து ஓடினார்கள்.

பட்டறை வாசலில் மேஸ்திரி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"எங்க ஓடறீங்க? களத்துல இருக்கற துணிய மொதல்ல எடுங்க! அஞ்சாயிரம் பனியனுக்கான துணி! அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

பெண்கள் நின்றுவிட்டார்கள். ஆமாம், நின்றேவிட்டார்கள்! மேஸ்திரி சொன்னால் நிற்பது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் முத்தாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க மேஸ்திரி! காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தீங்களா? தீ எங்கூட்டப் பாத்துப் போகுது. உங்க துணி இந்தப் பக்கம் சுகமாக் காஞ்சுட்டு இருக்குது. அதுக்கு என்னங்க வரும்?"

"சின்னப் புள்ளைக்குப் பேச்சப் பாரு! மாரக்கா, உன்ற புள்ளைய அடக்கு!"

அம்மா தீயைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "அவ சொல்றது சரிதானுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

மேஸ்திரி தள்ளி நின்றார்.

எல்லாரும் வெளியே பாய்ந்தார்கள். ஆனால் முத்தாத்தாள் நின்று யோசித்தாள். வெறுங்கையோடு போய் என்ன செய்வது? வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் இருந்தால் அதிகம். காற்றில் பொறி பறந்து ஒரு கூரையில் விழுந்தால் போதும், ஆறு வீடும் போய்விடும்.

அவள் கண் தொட்டிப் பக்கம் போனது. தொட்டி நிறையக் கோராத் துணி. நேற்றிலிருந்து ஊறி, சொட்டச் சொட்ட ஈரமாக!

"அம்மா! கோரா! கோராவக் கூரை மேல போட்டுரலாம்!"

அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்திக்கொண்டே தொட்டிக்குள் குதித்தாள்.

கம்பெனியிலிருந்து கோரா ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் கன்னையன், வாய் நிறைய வெற்றிலையோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். தீயைப் பார்த்ததும் மாட்டைப் பூட்டியிருந்தார்.

"கன்னையண்ணா, வண்டிய இங்க திருப்புங்க!"

கன்னையன் வாயைத் திறக்காமலே தலையாட்டிவிட்டு வண்டியைத் தொட்டி ஓரம் கொண்டு வந்தார். பெண்கள் ஈரத் துணியை இழுத்து இழுத்து வண்டியில் போட்டார்கள்.

"ஐயையோ, கம்பெனித் துணி! கம்பெனித் துணி!" என்று மேஸ்திரி குதித்தார்.

"கோராதானுங்க! சாணியில புரட்டுனாக்கூடப் போயிருமுங்க!" என்று கத்திவிட்டு முத்தாத்தாள் வண்டியில் தொற்றி ஏறினாள்.

கொரங்காட்டைச் சுற்றிக்கொண்டு வண்டி இட்டேரியில் பறந்தது. நடுக்காட்டில் கொஞ்ச தூரம் கல்லும் சரளையுமாகக் கிடந்ததால் தீ அங்கே சற்றே தயங்கியது. அந்தத் தயக்கம்தான் இவர்களுக்குக் கிடைத்த நேரம்.

கன்னையன் வண்டியைச் சுவரோரம் நிறுத்திக் கூரையில் ஏறினார். பனியன் துணி குழாய் மாதிரி நீளமாக இருக்கும் அல்லவா? ஒரு துணியை இந்தப் பக்கத்திலிருந்து எறிந்தால், கூரை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கியது. பெண்கள் கீழே நின்று இழுத்துவிட்டார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்று வீடு. முத்தாத்தாள் வண்டியிலிருந்து துணியை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அவள் பாவாடை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது.

ஆறாவது வீட்டுக்குப் போர்த்தும்போது பொறி மழையாகக் கொட்ட ஆரம்பித்தது. ஈரத் துணியில் விழுந்த பொறியெல்லாம் சுர் சுர்ரென்று அணைந்தது. புகையில் யாருக்கும் கண் தெரியவில்லை. அம்மாவும் இன்னும் நான்கு பேரும் ஈரத் துணியைச் சுருட்டிப் பிடித்து, வேலியைத் தாண்டி வந்த தீயை அடி அடியென்று அடித்தார்கள்.

"மூலையில பாருங்க! மூலையில!" என்று முத்தாத்தாள் கத்தினாள். ஆறாவது வீட்டின் மூலைக் கீற்று ஒன்றில் தீப் பிடித்திருந்தது. கூப்பிட்டவர்கள் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. கையிலிருந்த துணியை அப்படியே வீசி எறிந்தாள். அது தீயின் மேல் போய்ச் சப்பென்று விழுந்தது.

வேலி எரிந்து முடிந்தது. இட்டேரியில் எரிய மணலைத் தவிர ஒன்றுமில்லை. தீ அங்கேயே படுத்துவிட்டது.

கொஞ்ச நேரம் இருமல் சத்தம் மட்டும்தான் கேட்டது. முத்தாத்தாள் ஓடிப்போய்க் கூடையைப் பார்த்தாள். கறுப்பி முட்டையை விட்டு அசையவில்லை. இவள் கையை நீட்டியதும் யோசிக்காமல் கொத்தியது.

வெளியே கன்னையன் முதல் தடவையாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தார்.

"வருசம் பூரா பனியன் வண்டி ஓட்டறேன், என்ற மேலுக்கு ஒரு பனியன் இல்ல. ஊடெல்லாம் பனியன் போட்டுட்டு நிக்கறதப் பாருங்க!"

ஆறு வீடும் ஈரம் சொட்டச் சொட்ட அப்படித்தான் நின்றன. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது. புகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வழியில் பட்டறையில் ஏறிக்கொண்ட மேஸ்திரியும் அவரோடு இறங்கினார். இறங்கும்போதே பேச்சுதான்.

"எல்லாம் இந்தக் கன்னையனாலதானுங்க மொதலாளி! பீடியக் குடிச்சு வேலியோரம் போட்டுட்டான். நாந்தான் உடனே கோராவ அனுப்பி ஊட்டக் காப்பாத்தச் சொன்னனுங்க!"

கேட்டீர்களா? பழி கன்னையனுக்கு, பேர் இவருக்கு!

"நான் பீடியே குடிக்கறதில்லீங்க..." என்று கன்னையன் தடுமாறினார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேசினால் நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ! அம்மா முத்தாத்தாளின் கையை இறுக்கிப் பிடித்து, "பேசாம இரு கண்ணு" என்று கிசுகிசுத்தாள்.

முத்தாத்தாள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"பொய்யுங்க! கன்னையண்ணன் வாயில வெத்தலைய அடக்கிட்டுப் பட்டறை வேப்பமரத்துக்கிட்டத்தான் இருந்தாரு. தீ தொடங்குன எடம் அதுக்கு அந்தக் கடேசி. வாங்க காட்டறனுங்க."

"சின்னப் புள்ள என்னமோ உளறுதுங்க..." என்றார் மேஸ்திரி.

"உளறுதான்னு நேர்ல பாத்துட்டாப் போச்சு" என்று முதலாளி நடந்தார்.

கருகிய கொரங்காட்டின் ஓரமாகவே எல்லாரும் போனார்கள். வீட்டுப் பக்கம் அகலமாக இருந்த கரி, போகப் போகக் குறுகிக்கொண்டே போனது. கடைசியில் பட்டறை வேலியோரம் ஒரு சாம்பல் மேட்டில் போய் நின்றது. முத்தாத்தாள் ஒரு குச்சியால் கிளறினாள். உள்ளே கங்கு இன்னும் செக்கச்செவேலென்று கிடந்தது.

"இத இங்க கொட்டுனது யாரு?" என்று முதலாளி கேட்டார்.

"மாரக்காதானுங்க!" என்று மேஸ்திரி பட்டென்று கையை நீட்டினார்.

முத்தாத்தாள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள். "ஆமாங்க, நாந்தான் கொட்டுனேன். தண்ணி ஊத்தி அணைச்சுட்டுக் கொட்டறேன்னு சொன்னனுங்க. நேரமில்லைன்னு சொன்னது மேஸ்திரி."

"நானும் கேட்டனுங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"நானுந்தானுங்க. துணிய எடுத்துட்டுத்தான் போகோணும்னு வாசல்ல மறிச்சாருங்க!" என்றாள் இன்னொருத்தி.

மேஸ்திரி மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

முதலாளி உடனே நியாயம் சொல்லிவிடவில்லை. வீடுகள் மேல் கிடந்த துணியை ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சுவிட்டார். அவருக்கு அவர் கவலை.

"கோராதானுங்க. வேகவெச்சா வெளுத்துரும்" என்றாள் முத்தாத்தாள். "ஆனா எங்கூடு எரிஞ்சிருந்தா எந்தச் சோடாவுல போட்டு வேகவெக்கறதுங்க?"

முதலாளி மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"ஆத்தப்பா, கன்னையங்கிட்ட மன்னாப்புக் கேளு. நாளைக்கே பெருசா ஒரு குழி வெட்டு. இனிமே சாம்பலுக்குத் தண்ணி ஊத்தறது உன்ற வேலை. ஆள வெச்சு இல்ல, நீயே ஊத்தோணும்."

மேஸ்திரி கன்னையனிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழுகலீங்க!" என்றாள் முத்தாத்தாள்.

மேஸ்திரி மறுபடியும் சத்தமாகச் சொன்னார்.

எட்டாம் நாள் துணியெல்லாம் வெளுத்து வந்தது. நாலைந்து இடத்தில் இருந்த ஓட்டைகளை வெட்டி ஒதுக்கினார்கள். ஒரே ஒரு துண்டில் மட்டும் என்ன செய்தும் கரி போகவில்லை. அதைத் தைத்துக் கன்னையனுக்குப் பனியனாகக் கொடுத்துவிட்டார்கள். தோளில் கறுப்பாக ஒரு திட்டு. அது மறைந்துவிடக் கூடாதென்று அவர் சட்டையே போடாமல் வண்டி ஓட்டினார்.

கறுப்பிக்கு ஒன்பது குஞ்சுகள்.

அன்று மத்தியானம் முத்தாத்தாள் சோற்றுப் போசியோடு பட்டறைக்கு வந்தாள். மேஸ்திரி ஆத்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் குழிக்குப் பக்கத்தில் நின்று நன்றாக எட்டிப் பார்த்தாள்.

"மேஸ்திரிங்க, அந்த மூலையில இன்னம் பொகையுதுங்க."

மேஸ்திரி இன்னொரு குடம் தண்ணீர் எடுக்கப் போனார்.