எட்டடி ஆழத்தில் ஒரு காசு

கொடும்பாளூரைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் போகும் மண்பாதையின் முடிவில் இருந்தது அந்தப் பண்ணை வீடு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பிரஷ், குழாய், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்வது என் தொழில். புதுக்கோட்டையில் இந்த வேலைக்கு ஆள் குறைவு. குளங்களும் குறைவுதான், அதனால் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க பாய்," என்றார் வீட்டுக்காரம்மா கார்த்திகா. கணவர் சிங்கப்பூரில்; வீட்டில் அவரும் மகள் ஹரிணியும்தான். "ஞாயித்துக்கிழமை ஹரிணிக்குக் காதுகுத்து. சொந்தக்காரப் பிள்ளைங்களே பதினஞ்சு பேரு வருது. எல்லாம் குளத்துல குதிக்கணும்னு இப்பவே ஒத்தக் கால்ல நிக்குதுங்க. நாளைக்குள்ள தெளிஞ்சிருமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

போன வாரம் வரை குளம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடந்ததாம். தோட்டக்காரர் செல்லமுத்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற ப்ளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொண்டுவந்து கவிழ்த்துவிட்டார். பாசி செத்துவிட்டது. செத்த பாசி எங்கே போகும்? தண்ணீருக்குள்ளேயே தூளாக மிதந்தது. பவுடரின் சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ள, மொத்தக் குளமும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"பச்சைக்கு இது தேவலைல்ல?" என்றார் செல்லமுத்து, கொஞ்சம் பெருமையாகவே.

"இல்லைண்ணே. பச்சையா இருந்தா எவனும் எறங்க மாட்டான். வெள்ளையா இருந்தா எறங்குவான்."

படியில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். முழங்கை வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே என் கை இல்லை.

எனக்கு அப்போதே கிளம்பிப் போய்விடலாம் போலத்தான் இருந்தது. கலங்கின குளம் என்றாலே எனக்குப் பயம். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று, என் மனைவி ரிஃபானாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீளக் கம்பில் பிரஷை மாட்டிச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஆழமில்லாத பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து எட்டடி ஆழத்துக்கு வந்தேன். தோப்பில் காற்றே இல்லை. மருந்து நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் வந்தது. பழைய ஈரத்துணியை மடித்து வைத்த வாடை.

கம்பின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள்.

இழுக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ரோட்டைக் கடக்கும்போது பிள்ளைகள் நம் விரலைப் பிடிக்கும் அந்த இறுக்கம். பிறகு விட்டுவிட்டார்கள்.

அடியில் தண்ணீர் போகும் ஓட்டை மூடியில் பிரஷ் மாட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அங்கிள், தண்ணி ரெடியா?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். யாரும் இல்லை. ஹரிணி தூரத்தில், வீட்டு ஜன்னலுக்குள் உட்கார்ந்து மருதாணி காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை 'பாய் மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

'அங்கிள்' என்று கூப்பிட்டவன் சார்லஸ்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஷார்ஜாவில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே வேலை பார்த்தேன். சார்லஸ் அங்கே நாலாவது மாடி. நாகர்கோவில் பிள்ளை, ஏழு வயது. தினம் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தண்ணி ரெடியா என்று கேட்பான். குளம் தெளிந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஆழத்தில் ஒரு காசைப் போட வேண்டும். மேலே நின்று பார்த்தால் தலையா பூவா என்று தெரிய வேண்டும். காசைப் போட்டவன் பார்க்கக் கூடாது, வேறொருவன் பார்க்க வேண்டும். போட்டவனுக்குக் காசு கிடக்கும் இடம் தெரியும். தெரிந்த இடத்தில் கண் எதையும் பார்த்துவிடும்.

அன்று ஒரு திர்ஹாம் போட்டேன். அதில் ஒரு பக்கம் மூக்கு நீண்ட காபிக் கூஜா இருக்கும். நான்தான் போட்டேன், நானேதான் பார்த்தேன். கூஜா தெரிகிறது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட காசைத் திரும்ப எடுக்கக்கூட இல்லை, சாப்பிடப் போய்விட்டேன். சார்லஸ் அதை எடுக்க முங்கியிருக்கிறான். மேலே பத்துப் பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அடி தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவனைத் தூக்கியபோது அவன் வலது கை மூடியிருந்தது. அந்தக் கையை யாரும் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை.

இனி ஒரு பிள்ளையும் என் கண் முன்னால் அடியில் போகக் கூடாது. ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு இருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

சாயங்காலம் படிகாரத்தைக் கரைத்துக் குளம் முழுக்க ஊற்றி, மோட்டாரை நிறுத்தினேன். இரவெல்லாம் தண்ணீர் அசையாமல் கிடந்தால், மிதக்கிற தூள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தரையில் படிந்துவிடும். "விடியிற வரைக்கும் யாரும் தண்ணியத் தொடக் கூடாதும்மா," என்று கார்த்திகாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. தரையில் வெள்ளை மண்டி, மெத்தை விரித்ததுபோல ஒரே சீராகப் படிந்திருந்தது.

ஆழமான பக்கத்தில், அந்த மண்டியின் மேல், இரண்டு சின்னப் பாதங்களின் தடம்.

இரண்டே இரண்டு. நடந்து வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

"ராத்திரி யாராச்சும் எறங்கினாங்களாண்ணே?"

"நான் அங்கிட்டு மோட்டார் ரூம்லதான் படுத்திருந்தேன். ஒரு ஈ காக்கா வரல," என்றார் செல்லமுத்து.

குழாயைப் போட்டு மண்டியை மெதுவாக உறிஞ்சித் தோப்பில் விட்டேன். அந்தத் தடத்தைக் கடைசியாகத்தான் உறிஞ்சினேன். பத்து மணிக்கு வேலை முடிந்தது. தண்ணீர் கண்ணாடியாக நின்றது. பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஆழத்தில் போட்டேன். எனக்குச் சிங்கம் தெரிந்தது. ஆனால் நான் பார்க்கக் கூடாதே.

செல்லமுத்துவுக்குக் கண்ணில் புரை. கார்த்திகா பந்தல்காரரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். ஹரிணிதான் ஓடி வந்து விளிம்பில் குப்புறப் படுத்தாள்.

"தெரியுது பாய் மாமா. சிங்கம்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"இன்னொரு காசுல கூஜா."

குனிந்து பார்த்தேன். என் ஒரு ரூபாய் மட்டும்தான் கிடந்தது.

"இன்னொன்னு இல்லம்மா. ஒண்ணுதான் போட்டேன்."

"இருக்கே. மூக்கு நீளமா இருக்கு. நான் எடுத்துத் தரவா?"

"வேண்டாம். நகரு," என்றேன். "எந்திரிச்சு வீட்டுக்குப் போ."

அவள் எழுந்தாள். நான் கம்பில் வலையை மாட்டத் திரும்பினேன். காசை உடனே எடுத்துவிட வேண்டும், இந்த முறை விட்டுவிடக் கூடாது. மனசில் அது மட்டும்தான் ஓடியது.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

திரும்பியபோது குளம் வெள்ளையாக இருந்தது.

நேற்று இருந்த அதே வெள்ளை. ஒரு நொடிக்கு முன்பு கண்ணாடியாக நின்ற தண்ணீர். கலக்க அதில் எதுவுமே மிச்சம் இல்லை.

கத்தினேனா என்று நினைவில்லை. சட்டையோடு குதித்தேன். கண்ணைத் திறந்தால் பால் மாதிரி வெளிச்சம், வேறொன்றுமில்லை. தரையைத் துழாவினேன். சுவர். மறுபடி தரை. மூச்சு முட்டியது. யா அல்லாஹ், இன்னொரு முறை வேண்டாம், இன்னொரு முறை வேண்டாம்.

ஒரு கை என் விரலைப் பிடித்தது.

சின்னக் கை. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது.

இந்த முறை அது இழுத்தது. இடதுபக்கமாக, கீழே. நான் போனேன். என் விரலைக் கொண்டுபோய் இன்னொரு கையின் மேல் வைத்தது. அந்தக் கை சூடாக இருந்தது. இறுக்கிப் பிடித்து, காலால் தரையை உதைத்து மேலே வந்தேன்.

ஹரிணி சிமெண்ட் தரையில் கிடந்து இருமினாள், வாந்தி எடுத்தாள், அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். கார்த்திகா ஓடி வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். நானாகத்தான் சொன்னேன். ஷார்ஜாவை, சார்லஸை, நோட்டில் போட்ட கையெழுத்தை, மூடியிருந்த கையை. ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்த அம்மாவிடம், சொட்டச் சொட்ட நின்று சொன்னேன்.

அவர் துண்டை மகளின் தோளில் சுற்றினார். பிறகு, "மொதல்ல இந்தத் தண்ணியத் தொறந்து விடுங்க," என்றார்.

அப்போதுதான் ஹரிணியின் வலது கை மூடியிருந்ததைக் கவனித்தேன். என்னால் அதைத் தொட முடியவில்லை. கார்த்திகாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

கூஜா மேலே இருந்தது.

"அந்தப் பையன்தாம்மா கைல வச்சான்," என்றாள் ஹரிணி, இருமலுக்கு நடுவே. "மாமாகிட்ட குடுத்துரச் சொன்னான்."

மோட்டாரைப் போட்டுக் குளம் முழுவதையும் தோப்புக்குள் திறந்துவிட்டோம். வடிந்து முடிய மாலை ஆகிவிட்டது. வெறும் தரையில் நான் மட்டும் இறங்கினேன். மூலை மூலையாக, முழங்கால் போட்டுத் தேடினேன். அடி ஓட்டையின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதன் துவாரத்தில் ஒரு பட்டன்கூட நுழையாது.

என் ஒரு ரூபாயைக் காணவில்லை.