சத்தம் போகும் வரைக்கும்

"டீயில சர்க்கரை…" என்று கேட்க வந்த மனைவி பாதியில் நிறுத்திவிட்டு, கரண்டியும் கையுமாகக் கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, "…போடவா?" என்று முடித்தாள்.

இந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் சண்டையோ கொஞ்சலோ, பாதி வார்த்தையில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஆனால் விமான நிலையத்தை மூடி ஒரு மாதம் ஆகிவிட்டது. வானத்தில் ஈ காக்கை இல்லை.

மூட வைத்ததே அவள் கணவர்தான், குடியிருப்போர் சங்கத் தலைவர். அந்த ஓடுபாதை இந்த வீடுகளுக்கெல்லாம் மூத்தது. அதன் பக்கத்தில் என்பதால்தான் வீடே மலிவாகக் கிடைத்தது. வாங்கும்போது வாயெல்லாம் பல்லாக இருந்த மனுஷன், குடிவந்த கையோடு காதைப் பொத்திக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார். ஜெயித்தும் விட்டார். கடைசி நாளில் விமான நிலையத்து ஊழியர் ஒருவர் வாசலுக்கு வந்து, "நாங்க போயிடுறோம் சார். வர்றதெல்லாம் எங்க சார் இறங்கும்?" என்று கேட்டார்.

"எங்கயாவது போய்த் தொலையட்டும்யா!" என்று கதவை அறைந்து சாத்தினார் தலைவர்.

ஊரே இன்னும் பாதியில் நிற்கிறது. காவலாளி சல்யூட் அடித்த கையை இறக்காமல் நிற்கிறான். கடைக்காரர் நீட்டிய பையைத் தராமல் மேலே பார்க்கிறார். மந்தைகள், பழகின புத்தி போகவில்லை என்று தலைவர் உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டார். ஆனால் அந்த நிறுத்தங்கள் நாளுக்கு நாள் நீண்டன. நேற்று மனைவி ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் மகள் ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே பெண், அவருடைய உயிர். சமையலறைக் குழாயின் சொட்டுச் சத்தத்தோடு, பால் காயும் வாசனைக்குள் இன்னொரு வாசனையும், எங்கோ மண்ணெண்ணெய் எரிவதுபோல, மெதுவாக வந்து கலந்தது.

"உனக்கு என்னம்மா கேக்குது?"

"பிளேன் சத்தம்பா. உங்களுக்குக் கேக்கலையா?"

"பிளேனே கிடையாதேடா."

"முன்னாடி தாண்டிப் போயிடும். இப்ப இங்கயே சுத்துதுப்பா. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழ…"

நிறுத்திவிட்டாள். தலை நிமிர்ந்தது. வாய் திறந்தபடி.

அவர் காத்திருந்தார். பேனா அவள் விரலிலிருந்து உருண்டு விழுந்தது. சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மனைவி அணைக்கவில்லை. அவளும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிடும்மா. கீழ… கீழ என்ன? சொல்லுடா கண்ணு!"

பால்கனிக்கு ஓடினார். எதிர்க் கட்டடத்தில் மாடிக்கு மாடி ஆட்கள். அண்ணாந்த முகங்கள். பாதி திறந்த வாய்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். வெறும் வானம். சத்தமே இல்லை.

திரும்பி ஓடிவந்தார். மேஜைமேல் தண்ணீர் டம்ளர் நடுங்கியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அவர் பல் நடுங்கியது. அப்போதும் அவர் காதில் ஒன்றும் விழவில்லை. கோர்ட்டில் வாதாடி வாங்கிய அமைதி.

மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். கல்லாக இருந்தாள். முகத்தை இரண்டு கைகளாலும் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களுக்குள் குனிந்து பார்த்தார்.

அவற்றில் கூரை இல்லை. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள், பெரிதாகிக்கொண்டே வந்தன.