விவசாயி ஒருவர், ஒலிபெருக்கி ஒன்று

அன்று காலையும் வழக்கம்போல நான் சொன்னேன். என் கணவர் சென்னியப்பன் அதைத் திருப்பிச் சொன்னார்.

"ரெண்டாம் பாத்திக்குத் தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க. வேரு அழுகுது."

"ரெண்டாம் பாத்திக்குத் தண்ணிய நிறுத்து. வேரு அழுகுது," என்றார், பல் துலக்கிக்கொண்டே. எங்கள் உழவி ஆறு கால்களையும் அசைத்துக் கம்பு வயலுக்குள் இறங்கியது.

செவ்வாயின் ஏழாம் குவிமாடத்தில் பல வீடுகளில் இதுதான் நடைமுறை. விதைப்பு முதல் அறுப்பு வரை செய்யும் இயந்திரம் உழவி. பதிவேட்டில் விவசாயி என்று இருப்பவரின் குரலுக்கு மட்டுமே அது அசையும். நிலம் ஒதுக்கிய நாளில் யோசிக்காமல் எல்லாரும் ஆண்களின் பெயரையே கொடுத்திருந்தோம். இவரோ பூமியில் கணக்கு வாத்தியார். கம்பையும் சோளத்தையும் பிரித்தறியத் தெரியாது. இருபத்தொன்பது ஆண்டுகள் நான் சொல்ல, அவர் சொன்னார்.

அன்று சொல்லி முடித்ததும் இருமினார். பதினோராம் நாள் தூசிக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. குவிமாடத்தில் அவரோடு நாற்பத்திரண்டு பேர்.

பிறகு அரசு கொள்ளைநோய் நிவாரணம் அறிவித்தது: விவசாயிகளுக்கு ஒரு பருவத்து விதை, காற்றுவரித் தள்ளுபடி. அது கிடைக்காத வயலுக்குக் காற்றை நிறுத்தி, நிலத்தை எடுத்துக்கொள்வார்கள்.

நிவாரண அலுவலர் எழிலரசி திரையைப் பார்த்தார்.

"விவசாயி இறந்துட்டாரேம்மா. நிவாரணம் உயிரோட இருக்கிற விவசாயிக்குத்தான்."

"நாந்தானுங்க விவசாயி."

"இதுல இல்லத்தரசின்னு இருக்கு."

"இல்லத்துல நான் இருந்த நேரத்தையும் வயல்ல இருந்த நேரத்தையும் உழவிகிட்டயே கேளுங்க, கண்ணு."

சலித்துக்கொண்டுதான் வயலில் நின்ற உழவியின் நினைவகத்தைத் தன் திரைவழியே திறந்தார். அது தயங்காமல் அறிக்கை வாசித்தது: "விவசாயி ஒருவர், மயிலாத்தாள். ஒலிபெருக்கி ஒன்று, சென்னியப்பன். தற்போது பழுது."

எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். எனக்கும் வந்தது, என் கணவர் போனபின் முதல் தடவை.

"நிவாரணம் உண்டும்மா. கருவி இழப்புக்கும் சேர்த்து வருது."

"அதை எடுத்துடுங்க. இருபத்தொம்பது வருசத்துல எம்பேச்சுல ஒரு சொல்லை மாத்துனதில்லீங்க அவரு. எத்தனை ஆம்பளைங்களால ஆகும்?"

எழிலரசி எடுத்துவிட்டார். ஆனால் ஆணை ஏறவில்லை. விவசாயி பெயரை மாற்ற, குடும்பத் தலைவர் தம் குரலில் சம்மதிக்க வேண்டுமாம்.

"செத்தவரு எப்படிங்க சம்மதிப்பாரு?"

"விதி அப்படிம்மா. நான் என்ன பண்ண?"

சம்மதம் என்ற சொல் காதில் விழுந்ததும் உழவி தன் நினைவகத்தைத் தேடியது. பிறகு அந்த அறையில் என் கணவர் பேசினார், வாயில் பற்பசையோடு.

"நீ சொன்னாச் சரி, மயிலு."

ஒவ்வொரு நாளும் நான் வயலுக்குள் போனபிறகு உழவியிடம் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். அது கட்டளை இல்லாததால், எங்கே வைப்பதென்று தெரியாமல் உழவி தனியே சேர்த்துவைத்திருந்தது. பத்தாயிரத்துக்கு மேல். நான் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அவற்றில் ஒன்றை மட்டும் அரசு சம்மதமாக ஏற்றுக்கொண்டது.

இப்போது உழவி என் குரலுக்கே வயலில் இறங்குகிறது. புது நிலச்சீட்டில் விவசாயி என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டத்தில், கணவர் அல்லது தந்தை பெயர் என்றே இன்னமும் அச்சடிக்கிறார்கள்.