அல்லியின் நகங்கள்

"போர்வைக்குள்ள புள்ள கைய ஒளிச்சு வச்சா வாசம் வராதாக்கா? எனக்கென்ன மூக்கு இல்லையா?"

"அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி வச்ச மருதாணி சிஸ்டர்."

"ஆறு வருஷ மருதாணி இப்படி மணக்குமா? எந்த ஊர்ச் செடிக்கா அது? டாக்டர் வரட்டும், சொல்லிடுவேன்."

நோயாளிகளை உறக்கத்தில் வைத்திருக்கும் நிறுத்தகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சண்டை கேட்டது. ஒரு குரல் நர்ஸ் சகாயராணியுடையது. இன்னொன்று என் மனைவி தேன்மொழியுடையது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பார்க்க வருவோம். இன்று அவள் முன்னாலேயே வந்துவிட்டாள்.

எங்கள் அல்லிக்கு ஒன்பது வயதில் மூளையில் கட்டி வந்தது. மருந்து கண்டுபிடிக்கும்வரை நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சு ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கொன்றது. செல்லுக்குள் நுழைந்து, புரதம் கோக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். புரதம் இல்லாமல் செல் செத்துப்போகும். இப்போது அந்த நஞ்சைப் பழக்கிவிட்டார்கள். செல் சாகாது, நின்றுவிடும். கட்டி வளராது. பிள்ளையும் வளரமாட்டாள். அவளுடைய தங்கை இப்போது அவளைவிட உயரம்.

நிறுத்துவதற்கு முந்தின நாள் அல்லி கேட்டாள் என்று தேன்மொழி மருதாணி வைத்துவிட்டாள். நகம் வளராததால் அந்தச் சிவப்பு அதன் அடியைவிட்டு நகரவே இல்லை. வாராவாரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக வீடு திரும்புவேன்.

சகாயராணி என்னைப் பார்த்ததும், "நீங்களாவது கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

தேன்மொழி போர்வையை விலக்கினாள். நகங்களின் அடியில் பச்சை விழுது. சுண்டுவிரலுக்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை. அங்கே சிவப்புக்குக் கீழே மெல்லிய வெள்ளைப் பிறை.

"நஞ்சு கேக்கலங்க. நம்ம புள்ள வளர்றா."

"அப்ப கட்டியும் வளரும் தேனு."

"தெரியும். இந்த வெள்ளையப் பாத்தா நஞ்ச இன்னும் கூட ஏத்துவாங்க. எத்தன வருஷம் பொம்மையத் தொட்டுட்டுப் போறது? கொஞ்ச நாள் இருந்தாலும் போதும். கண்ணு முழிச்சு ஒரு தடவ அம்மான்னு கூப்பிடட்டும்."

சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் சில்லென்று இருக்கும். இன்று வெதுவெதுப்பாக இருக்கிறது.

டாக்டர் இன்னும் வரவில்லை. விழுது ஈரமாக இருக்கிறது. இப்போது துடைத்தால் வெள்ளை தெரியும். காய்ந்தால் சிவப்பு மூடிவிடும், சுண்டுவிரலுக்கும் தேன்மொழி வைத்துவிடுவாள்.

பிள்ளை பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். நீங்கள் துடைப்பீர்களா, விட்டுவிடுவீர்களா? காய்வதற்குள் பதில் எழுதுங்கள்.