பதில் வரும் நேரம்

ஒயரைப் பிடுங்கியதும் பச்சை விளக்கு எரிந்தது.

மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள் நிகத். நெட்வொர்க் போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கடுகளவு விளக்கு, ஒயர் செருகி மறுமுனையில் இணைப்பும் இருந்தால்தான் எரிய வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. செருகினால் அணைந்தது. பிடுங்கினால் எரிந்தது.

மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அப்படித்தான்.

பஸ் ஸ்டாண்டு அருகே சாய்ராம் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருடமாக வேலை. தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறாள். திருத்தணியில் அவள் கழற்றிப் பார்க்காத பெட்டி குறைவு. இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

2003, ஐப்பசி முடியும் சமயம். சஷ்டிக் கூட்டம் வடிந்து, மலையடிவாரத்து லாட்ஜ் காலியாகக் கிடந்தது. முதல் மாடியின் கடைசி அறையில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் ஏழு வருடத்துப் பதிவுகளும் இருந்தன. கிருத்திகைக்குக் கூட்டம் வருவதற்குள் அவை கீழே கவுண்டரில் இருக்கும் புதுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி வீராசாமி திருப்பதிக்குப் போயிருந்தார். வேலையாட்களுக்கும் லீவு. கவுண்டரில் அவருடைய மருமகள் பார்கவி மட்டும் இருந்தாள். மாடியில் நிகத் மட்டும்.

மணி நாலரைதான் ஆகியிருந்தது. ஆனால் காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் ஜன்னல் கண்ணாடி சாம்பல் பூத்து, மலை இருக்கிற இடமே தெரியாமல் போய், அறைக்குள் விளக்கு வைக்கும் நேரத்து இருட்டு வந்திருந்தது. ஈரத் தலையணைகளின் வாடை, மொட்டையடித்த தலைகளிலிருந்து வருடக்கணக்காகச் சுவரில் ஒட்டிய சந்தன வாசனை, கம்ப்யூட்டரின் சூடான தூசி நாற்றம் எல்லாம் கலந்து, நோன்பில் வறண்டிருந்த அவள் தொண்டைக்குள் இறங்கின. தலை லேசாகக் கிறுகிறுத்தது. நோன்பின் அசதியில் கண் ஏமாற்றுகிறது என்று முதலில் நினைத்தாள்.

இன்டர்காம் அடித்தது.

"ஆச்சாக்கா?" பார்கவி கேட்டாள். "நோம்பு தொறக்குற நேரம் வந்துடுமே. கஞ்சி எதுனா வாங்கியாரட்டா?"

"அஞ்சு மணி வண்டிக்கே போயிடுவேன் பார்கவி. நீ ஒண்ணு பண்ணு. அங்க இருக்கிற கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிடு. பக்கத்துல ஒயரெல்லாம் சொருகின சின்னப் பொட்டி இருக்குதே, அதையும்."

"ஆங். ரெண்டையும் பண்ணிட்டேன்."

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கார்டு கெட்டிருக்கும். பெட்டியைத் திறந்து, பழைய நெட்வொர்க் கார்டைக் கழற்றி, பையிலிருந்த புதுக் கார்டை மாட்டினாள். அதற்கான டிரைவர் மென்பொருளைப் போட்டு மறுபடி இயக்கினாள். அட்டைப் பெட்டியிலிருந்து இப்போதுதான் பிரித்த கார்டு. ஒயர் செருகவில்லை.

அதிலும் விளக்கு எரிந்தது.

கறுப்புத் திரையைத் திறந்து, பிங் கட்டளையை நிறுத்தும்வரை ஓடும்படி அடித்தாள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா, வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதற்கான கட்டளை அது. கூப்பிட்டது கவுண்டர் கம்ப்யூட்டரை. அதுவோ அணைந்து கிடந்தது. நடுவில் ஒயரும் இல்லை. பதில் இல்லை என்று வந்தால் மனசு ஆறிவிடும்.

பதில் வந்தது.

ஒரே கட்டடத்துக்குள் ஒரு மில்லி செகண்டுகூட ஆகக் கூடாது. திரையில் 960 என்று இருந்தது. எங்கோ வெகுதூரத்திலிருந்து வருவது போல. அடுத்த வரியில் 948. பிறகு 931. 917.

நிகத் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பள்ளிக்கூட நாளில் மற்றப் பிள்ளைகளோடு மலையைப் பார்த்துக் கூவியது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் போகப் போக எதிரொலி சீக்கிரம் திரும்பும். தூரம் குறைந்தால் நேரம் குறையும்.

802. 790. 771.

இன்டர்காம் மறுபடி அடித்தது. திரையை விட்டுக் கண்ணை விலக்காமல் ரிசீவரை எடுத்தாள்.

"ஏன்க்கா அங்கயும் இங்கயும் நடந்துகினு இருக்கீங்க?" பார்கவி சிரித்தாள். "பசி தாங்கலியா?"

"நான் உக்காந்துகினு இருக்கேன்."

"வெளையாடாதீங்க. என் தலைக்கு மேலதான் கேக்குது. காலத் தேச்சுத் தேச்சு."

"உன் தலைக்கு மேலன்னா?"

"முன்பக்கம்தான். பதினோராம் ரூம் கிட்ட." சிரிப்பு போயிருந்தது. "இப்ப தள்ளிப் போவுது. உங்க பக்கமா வருதுக்கா."

520. 498.

"பார்கவி, நான் சொல்றதக் கேளு. எழுந்து வெளிய போ. எதிர்ல டீக்கடைல போய் நில்லு."

"கவுண்டர வுட்டுட்டா? மாமா திட்டுவாரு. நீங்க கீழ வந்துடுங்கக்கா, எனக்கு பயமா இருக்குது."

"வர்றேன்."

ரிசீவரை வைத்தாள். 310. மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. 255. பிளக்கைப் பிடித்து இழுத்தாள். திரை இருண்டது. மின்விசிறி இரைந்து இரைந்து, மெதுவாகி, நின்றது.

கரண்டு இல்லாத பெட்டியின் முதுகில் பச்சை விளக்கு எரிந்தது.

இனி எண்கள் தேவைப்படவில்லை. அவளுக்கே கேட்டது.

அறைக்கு வெளியே, நடைவழியில் யாரோ வந்தார்கள். ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல. ஒரு இழுப்பு. இடைவெளி. இன்னொரு இழுப்பு. பதினாறாம் அறை. பதினேழு.

கதவுக்கு வெளியே நின்றது.

கதவின் அடியிடுக்கில் நடையின் டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. அதில் நிழல் விழவில்லை. மூச்சு விடும் சத்தமும் இல்லை. நிகத்தின் உதடுகள் தெரிந்த ஓதலை எல்லாம் ஓதின. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ரயில் ஒன்று கூவிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. ஐந்து மணி வண்டி. அது கிளம்பியும் போனது.

இங்கேயே இருந்தால் இருட்டிவிடும். எழுந்தாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.

யாரும் இல்லை. நீளமான நடை. மூடிய கதவுகள். தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

ஓடினாள்.

பத்தடிகூடப் போகவில்லை. பின்னால், அவள் இப்போது விட்டு வந்த காலி அறையில், இன்டர்காம் அடித்தது. ஒரு மணி. இரண்டாவது மணி பாதியில் நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

நடையின் நடுவில் இடப்பக்கம் பின்படிக்கட்டு. இறங்கினால் சந்து, சந்து தாண்டினால் பஸ்ஸும் ஜனங்களும். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு படி இறங்கியும் விட்டாள். ஆனால் கீழே பார்கவி தனியாக இருந்தாள். வர்றேன் என்று அவளிடம் சொல்லியிருந்தாள். நிகத் ஏறித் திரும்பி, முன்படிக்கட்டுக்கு ஓடினாள்.

கவுண்டருக்குப் பின்னால் பார்கவி நின்றிருந்தாள். உயிரோடு. முழுசாக. காதில் ரிசீவர். தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆங்... ஆங்க்கா. இப்ப தேவலாம். நீங்க பேசிகினே இருங்க, அப்பதான் எனக்கு தைரியமா இருக்குது."

"பார்கவி."

பார்கவி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இரத்தம் வடிந்தது போல வெளுத்தது. பின்னுக்குப் போய், சாவிகள் தொங்கும் பலகையில் முதுகு மோத, சாவிகள் எல்லாம் கலகலவென்று ஆடின.

"பார்கவி, நான்தான். ஃபோன வை. வா, போயிடலாம்."

கையை நீட்டினாள். பார்கவி அந்தக் கையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் சொன்னாள்:

"அக்கா... சீக்கிரம் கீழ வாங்கக்கா. உங்கள மாதிரியே ஒருத்தி வந்து நிக்கிறா."

ரிசீவரிலிருந்து பதில் வந்தது. நிகத்துக்கும் கேட்டது. அவளுடைய குரல். அவளுடைய இழுவை. கொஞ்சம்கூட மாறாமல்.

"பயப்படாத. வந்துட்டேன்."

முன்படிக்கட்டின் மேலே, வளைவில், கைப்பிடியின் மீது முதலில் விரல்கள் தெரிந்தன. பிறகு மணிக்கட்டு. முழங்கை. ஆள் இன்னும் தெரியவில்லை. கை மட்டும், கைப்பிடியோடு வழுக்கியபடி, படி படியாகக் கீழே வந்துகொண்டே இருந்தது.