கால் சுற்று

செம்பாலைக் குடியிருப்பில் பிறக்கும் குழந்தையை முதலில் கையில் ஏந்துவது, சுரங்கத்தில் பாறை தூக்கிக்கொண்டிருந்த ஓர் இயந்திரம். செவ்வாய்க் கிரகத்துக்கு மருத்துவச்சிகள் யாரும் வரவில்லை. அதனால் அதற்கு மென்விரல்கள் பூட்டி, 'தாங்கி' என்று பெயரிட்டு, மருத்துவமனையில் நிறுத்திவிட்டார்கள். காலையில் அதன் கையில் பழுத்த தக்காளி ஒன்றைக் கொடுப்பார்கள். நசுங்காவிட்டால் அன்றைக்குப் பிரசவம் பார்க்கலாம்.

தாங்கியின் தோளில் பாயும் எண்ணெய்க்குப் பாறையைத் தூக்கும் அழுத்தம் உண்டு. அதே எண்ணெய் விரல்களுக்குப் போகும் வழியில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு இருந்தது. அதன் திருகை உள்ளே திருகினால் பிடி இறுகும். வெளியே திருகினால் தளரும். அதைச் சரியாக வைப்பது மெக்கானிக் கோமகளின் வேலை.

ஒருநாள் தக்காளி நசுங்கியது. கோமகளின் தங்கை மணிமொழிக்கு மாதம் நிறைந்திருந்த நேரம்.

"திருகை யார் தொட்டது?" என்று கேட்டாள் கோமகள்.

"நான்தாம்மா," என்றார் டாக்டர் பீர்முகமது. "பிடி கொஞ்சம் லூஸா தெரிஞ்சுது. கால் சுத்துதான்."

அவருக்கு முன்னால் நர்ஸும் கால் சுற்று திருப்பியிருந்தாள். தரை துடைக்க வந்தவரும்தான்.

கோமகள் சொல்லிப் பார்த்தாள். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். ஒட்டிய பிறகு இன்னும் அதிகம் பேர் தொட்டார்கள். கடைசியில் அழுத்தமானியைப் பார்த்தபடி திருகைச் சரியான அளவுக்குத் தளர்த்தி, பூட்டு நட்டை இறுக்கி, இரும்பு மூடி போட்டு மறைத்தாள். வெளியே பளபளப்பான சிவப்புக் குமிழ் ஒன்றைப் பொருத்தினாள். திருப்பினால் 'டிக்' என்று கேட்கும். அது எதனோடும் இணைக்கப்படவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரு தக்காளிகூட நசுங்கவில்லை.

மணிமொழிக்கு வலி கண்டது. உள்ளே வந்ததும் டாக்டர் குமிழை வலப்பக்கம் திருப்பினார். மணிமொழியின் கணவன் பயந்துபோய் இடப்பக்கம் திருப்பினான். இருவர் முகமும் தெளிந்தது. கோமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

குழந்தையின் தலை தெரிந்தது. பாறை தூக்கிய அந்தக் கைகள் மெல்ல நீண்டன. என்ன செய்கிறோம் என்று தெரியுமுன் கோமகள் எட்டிப்போய்க் குமிழைக் கால் சுற்று தளர்த்தினாள். 'டிக்.' அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

இயந்திர விரல்களுக்குள் வழுக்காமல், நசுங்காமல், கை காலை உதறிக்கொண்டு வீறிட்டாள் பெண் குழந்தை.

"பிடி பூ மாதிரி இருக்கே," என்றார் டாக்டர். "கடைசியா திருப்பினது யாரு?"

"நான்தான்," என்றாள் கோமகள், கொஞ்சம் பெருமையாகவே.