கோணாத கை

இழைப்புளியிலிருந்து சுருண்டு வந்த சீவலில் ஒரு நீள முடி இருந்தது. மகள் கனகாவின் முடியாக இருக்கும் என்று பச்சமுத்து அதை ஊதித் தள்ளினான். அடுத்த சீவலிலும் முடி. அதற்கடுத்ததிலும்.

உத்திரமேரூரில் காலையிலிருந்து ஐப்பசி மழை. வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. கூரையில் மழை இரைகிற சத்தத்துக்கு நடுவே, ஈர வேம்புத் தூளின் கசப்பு நெடிக்கு அடியிலிருந்து, தேங்காயெண்ணெய் ஊறிய பழைய தலையணையின் வாசனை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கனகாவுக்குக் கல்யாணம். மானாம்பதி மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சீரில் டிரெஸ்ஸிங் டேபிள் மட்டும்தான் பாக்கி. அதிலும் கண்ணாடியைத் தாங்கும் இந்த முதுகுப் பலகைதான் மிச்சம். மரம் அறுப்பு மில்லில் வாங்கியது. ஆடிக் காற்றில் விழுந்த வேம்பு என்றார்கள்.

டிங்.

இழைப்புளியின் தகட்டில் பல் விழுந்தது. பலகையில் நீலக் கறுப்பாக ஒரு கறை, நடுவே ஓர் ஆணி. அதைச் சுற்றி, மரம் விழுங்கி வைத்திருந்த ஒரு கொத்து முடி.

அந்த ஆணியை அவனுக்குத் தெரியும். அடித்தவனே அவன்தான்.

எழுபதாம் வருஷம், கனகா பிறப்பதற்கு முன் நடந்தது. அவன் தங்கை அம்முலு, புருஷன் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். பூசாரி அவளை ஏரிக்கரை வேம்பில் சாய்த்து, உச்சி முடியை மரத்தோடு இழுத்துப் பிடித்து, ஆணியை நீட்டி, "நீயே அடிப்பா, உன் கைதான் கோணாது" என்றார். "பேயி இல்லணா. அவங்க போட்டு அடிக்கிறாங்கணா" என்றாள் அம்முலு. அவன் அடித்தான். முடியைப் பிய்த்து அவளை விடுவித்தபோது உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. மறுநாளே புருஷன் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். பேய் விடவில்லை என்றது ஊர். கிணறு யார் வீட்டுக் கிணறு என்று யாரும் பேசவில்லை. அவனும்தான்.

அப்படிப் பேயை மரத்தில் இறக்கி அடித்த ஆணியைப் பிடுங்கக் கூடாது என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பலகையில் ஆணி தெரிந்தால் தச்சன் கை யோசிக்காது. குறடு ஆணியைக் கவ்வியது. முனகலோடு வந்தது ஆணி. வழக்கம்போல் அதைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, டப்பாவில் போட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பலகையைக் கொளுத்திவிடலாம். வெள்ளிக்கிழமைக்கு வேறு பலகை இல்லை. ஆணி இருந்த பக்கத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துப் பூட்டினான்.

கனகா டீ கொண்டுவந்தாள்.

"நைனா, எனக்கு இந்தக் கல்யாணம் வாணாம். அந்தாளு மொத பொண்டாட்டி எப்படி செத்தான்னு கேட்டியா?"

"பத்திரிகை வைக்க உங்கம்மா ஊரூரா அலைஞ்சிக்கினு கீறா. இப்ப வந்து பேஜார் பண்ணாத. உங்க அத்தை மாதிரியே பேசற."

"அத்தை இன்னா பேசிச்சு?"

அவன் டீயைக் குடித்தான்.

சாயங்காலம் இருவருமாகத் தூக்கிப்போய் அதை உள்ளறையில் வைத்தார்கள். யாரும் சொல்லாமலே கனகா அதன் முன் உட்கார்ந்தாள். மனசு மாறிவிட்டது என்று நினைத்தான். பட்டறைக்குத் திரும்பி, கொட்டிக் கிடந்த சீவலைப் பெருக்க ஆரம்பித்தான்.

மழை நின்றது. அப்போதுதான் கேட்டது. உள்ளே தலை வாரும் சத்தம். வரட். வரட். நனைந்த கயிற்றைப் பலகையில் இழுப்பதுபோல. நிற்கவில்லை. ஒரு தலையில் அத்தனை முடி ஏது?

டப்பாவைப் பார்த்தான்.

ஆணி இல்லை.

"கனகா?"

வரட்.

அறையில் கிணற்றுப் பாசி நெடி. தரை ஈரம். கண்ணாடியில் மகளின் முகம்தான். அவள் முகமேதான். தலை குனிந்திருந்தது. உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல். ரத்தம் அப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை நீட்டினாள். ஆணி.

"நல்லா நிமித்தி வெச்சிக்கிறியேணா" என்றாள் அவன் மகள். "இந்த வாட்டி மரம் வாணாம்."

விரலால் உச்சியைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்கியே அடி."

அவன் கையில் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தான்? தெரியவில்லை. ஆணியை வாங்கி அவள் உச்சியில் வைத்தான்.

கை கோணவில்லை.